ஓட்டாமலே படிப்பவர்

உதடு மட்டும் அசைய, அக்கா கணினி நிரலை வரி வரியாக வாசித்துக்கொண்டிருக்கிறார். ஒரு பொத்தானை அழுத்தினால் ஓட்டிப் பார்த்துவிடலாம், அழுத்த மாட்டார். "ஓட்டினா, ஓடின வழியைத்தான் பாப்போம் தம்பி. ஓடாத வழியை யாரு பாக்கறது?" என்பார்.

அலுவலகத்தில் அவருக்கு இன்ஸ்பெக்டர் அக்கா என்று பெயர். எங்கள் நிரல்களை ஓட்டாமலே படித்து, சந்தேகப்பட்ட இடத்தில் மஞ்சள் கோடு போடும் கருவியை எழுதியவர் அவர்தான். வயது ஐம்பத்திரண்டு. தேநீர்க் கோப்பைக்கும் மூடி வைத்திருப்பார். கணவர் போனில் "சரி" என்றால், "எதுக்குச் சரி?" என்று கேட்டுவிட்டுத்தான் வைப்பார்.

நான் மேக்ரோ எழுதுகிறவன். அதாவது, நான் ஒரு வரி எழுதினால் கணினி அதைத் தானே நாற்பது வரியாக விரித்துக்கொள்ளும். இதில் எனக்குத் தலைக்கனம் உண்டு. என் கோப்பில் கருவி அறுபத்தேழு மஞ்சள் கோடு போட்டபோது, "உங்க டூலுக்கு மேக்ரோ புரியலக்கா" என்றேன். பெரும்பாலும் உண்மைதான், விரியாத வரியைப் பார்த்து அது உளறியது. 'இந்தக் கோப்பைப் பார்க்காதே' என்று மேலே ஒரு வரி எழுதி அதன் வாயை அடைத்தேன்.

"அறுபத்தாறு பொய்யா இருக்கலாம்" என்றார்.

மூன்று வாரம் கழித்து, டயாலிசிஸ் நிலையத்திலிருந்து செவிலியர் ஒருவர் அழைத்தார். நோயாளிகளுக்கு அங்கே முறை போட்டுக் கொடுப்பது எங்கள் நிரல். "உங்க லிஸ்ட்ல அவரு இல்லைங்க. ஆனா ஆள் என் முன்னாடி கால் வீங்கி உக்காந்திருக்காரு." நாள் மாற்றிக் கேட்டிருந்த பெரியவர். செவிலியரே ஒரு படுக்கை பிடித்துக் கொடுத்தார். பெரியவர் பிழைத்தார், அவரோடு நானும்.

பிழை இருந்தது, நாள் மாற்றினால் மட்டும் ஓடுகிற ஒரு வரியில். நிரலுக்குள் நான் வைத்த ஒரு பெயரில் ஓர் எழுத்தை விட்டிருந்தேன். அதன் கீழும் மஞ்சள் கோடு இருந்திருக்கிறது.

திட்டு வாங்க முகத்தைத் தயார் செய்துகொண்டு அக்காவிடம் போனேன். "இந்த மேக்ரோ எப்படி விரியுதுன்னு சொல்லுங்க தம்பி, டூலுக்குச் சொல்லிக் குடுத்துடலாம்" என்றார். தொடங்கினேன். நாலாவது வரியில் எனக்கே வழி தெரியவில்லை. "யாரோ குழப்பி வச்சிருக்காங்கக்கா" என்று சொல்லிவிட்டேன், கோப்பின் தலையில் என் பெயர் இருப்பதை மறந்து. அவர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை.

வெள்ளைத் தாள் ஒன்றை எடுத்து, விரிவை எண் போட்டுக் கையால் எழுத ஆரம்பித்தார். மூன்று வரியோடு நிறுத்தினார். பேனாவை மூடாமல் தாளின் மேல் வைத்து, இரண்டையும் என் பக்கம் தள்ளினார்.