பக்கத்து வீட்டு வாசல் கூழ்

மழைக்காலத்தில் தோல் காயாது. தோல் காயாவிட்டால் எங்களுக்குத் தோல் பதனிடும் கிடங்கில் வேலை கிடையாது. ஆம்பூரில் எங்கள் தெருவில் அந்த மாதங்களில் ஒரு வேளைதான் அடுப்பு எரியும். அப்படி ஒரு மழைக்காலத்தில்தான் வேலூரிலிருந்து ஆஸ்பத்திரி அம்மா ஒருவர் வாரம் இரண்டு தடவை ரயிலில் வந்து, பிள்ளைகளுக்கு என்ன கொடுக்க வேண்டும் என்று எங்கள் பெண்களுக்குச் சமைத்துக் காட்டத் தொடங்கினார்.

கேழ்வரகு மாவும், வறுத்து இடித்த வேர்க்கடலையும், முருங்கைக்கீரையும் போட்டுக் கெட்டியாகக் கூழ் காய்ச்சுவார். பேதியாகும் பிள்ளையின் வயிற்றைக் காயப் போடாதீர்கள் என்பார். நாங்கள் அதுவரை காயத்தான் போட்டுக்கொண்டிருந்தோம். என் மகளுக்கு இரண்டு வயது முடிந்தும் கால் ஊன்றவில்லை. வயிறு மட்டும் முன்னால் தள்ளியிருக்கும்.

கூழ் காய்ச்ச அந்த அம்மாவுக்குப் பிடித்த இடம் பக்கத்து வீட்டு வாசல். என் வீட்டை ஒட்டிக் கிடங்கின் சாக்கடை ஓடியது. ஈ மொய்க்கும் என்று சொல்லிவிட்டாராம். வந்த பிள்ளைகளுக்கெல்லாம் ஒரு கரண்டி. சட்டியில் மிஞ்சிய கூழும் பையில் மிஞ்சிய மாவும் அடுப்புக்காரருக்கு. கல்யாணமோ சாவோ, பொதுவில் எது சமைத்தாலும் எங்கள் தெருவில் மிச்சம் அடுப்பு வைத்த வீட்டுக்குத்தான். யாரும் கேள்வி கேட்பதில்லை.

பக்கத்து வீட்டுக்காரர் என்னோடு கிடங்கில் தோல் ஊறவைக்கும் சுண்ணாம்புக் குழியில் வேலை செய்தவர். என்னைவிட மூத்தவர் என்பதால் அண்ணன் என்பேன். அந்த மாவில் அவருடைய பையனுக்குக் கன்னத்தில் சதை வைக்க ஆரம்பித்தது. கொஞ்சநஞ்ச வேலை இருக்கும் நாட்களில், தோலைப் புரட்டிக்கொண்டே, பையன் தின்றதையும் ஓடியதையும் சொல்லிச் சிரிப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அந்தக் கன்னம் என் மகளிடமிருந்து எடுத்து ஒட்டியது போலவே தெரியும்.

"நீ போய் அந்த அம்மாகிட்ட ஒரு வார்த்த கேளேன். வாய்ல இன்னா வெச்சினுகீற?" என்றாள் என் மனைவி.

போனேன். பெண்கள் கூட்டத்துக்குப் பின்னால் நின்றேன். நாலாம் வகுப்போடு நின்ற எனக்குப் படித்தவர்கள் எதிரில் நாக்கு எழாது. அந்த அம்மா நிமிர்ந்து பார்த்து, என்ன வேண்டும் என்று கேட்டார். நான் தலையைச் சொறிந்தேன். அண்ணன்தான் பேசினார்.

"அவரு கேக்க மாட்டாரும்மா. கொழந்தைக்கு மாவு வோணும் அவருக்கு. இனிமே அவரு அடுப்புல காய்ச்சுங்க."

சாக்கடைப் பக்கம் ஆகாது என்றார் அந்த அம்மா.

"எடம் இங்கயே இருக்கட்டும். அடுப்புன்னா இன்னாம்மா, மூணு கல்லு. தம்பி, போய் உன் கல்லத் தூக்கினு வா. உன் கல்லுல வெந்தா மிச்சம் உன்னுது. எவ கேக்குறான்னு பாக்குறேன்."

பெண்கள் சிரித்தார்கள். அண்ணன் மனைவி மட்டும் சிரிக்காமல் தன் கற்களைக் காலால் ஒதுக்கினார்.

கரி படிந்த கற்களை ஒவ்வொன்றாகச் சுமந்து வந்தேன். அவருக்கு நன்றி சொல்ல வேண்டிய வேளை அது. எனக்கோ முன்னிலும் அதிகமாக எரிந்தது. இத்தனை நாள் கூழைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன். இப்போது அவருடைய வாயைப் பார்த்து, அந்த யோசனையைப் பார்த்து. என் பிள்ளைக்கு ஒரு வழி என் தலையில் உதிக்காமல் அவர் தலையில் ஏன் உதித்தது?

மாவு எங்கள் வீட்டுக்கு வந்தது. மகள் இரண்டு வேளை தின்றாள். மெல்ல வயிறு வற்றியது, தொடையில் சதை பிடித்தது. மழை விட்டு வேலை தொடங்கிய பிறகும், கூழ் காய்ச்சும் நாட்களில் நேரம் கிடைத்தால் நானே அவளைத் தூக்கிக்கொண்டு போவேன்.

அந்த வாசலில்தான் ஒரு நாள் அவள் என் மடியிலிருந்து இறங்கி, மண்ணில் கை ஊன்றி எழுந்தாள். நான் சற்றுத் தள்ளிப் போய் உட்கார்ந்து இரண்டு கைகளையும் நீட்டினேன். என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு சட்டியருகே குந்தியிருந்த அண்ணனை நோக்கித் தள்ளாடி நடந்து, அவர் மடியில் விழுந்தாள்.

"பாத்தியா தம்பி, நடந்துட்டா," என்றார். அவர் கண் கலங்கியிருந்தது.

பார்த்தேன் என்று தலையாட்டினேன். அவர் மடியிலிருந்து மகளை வாங்கும்போது, கொஞ்சம் வெடுக்கென்றுதான் வாங்கினேன்.