டிரினிடாட்காரர் வீட்டு விளக்குகள்

போன தீபாவளியன்று பொழுதுபடும் நேரம் யாரோ கதவைத் தட்டினார்கள். நாங்கள் புலம்பெயர்ந்து வந்த டூங்கபியில் எங்களுக்குப் பக்கத்து வீட்டுக்காரர். டிரினிடாட் தீவிலிருந்து வந்த கறுப்பர், சேர்ச்சுக்குப் போகிற வேதக்காரர், தனியாள். இஸ்திரி போட்ட வெள்ளைக் குர்த்தாவோடு நின்று, "ஹேப்பி டிவாலி" என்று சிரித்தார். நான் வேலையால் வந்த அலுப்பில் கதவைப் பாதிதான் திறந்தேன்.

"ஆரப்பா?" உள்ளேயிருந்து கணவர் கேட்டார்.

"பக்கத்து வீட்டு ஆள். பலகாரம் குடுத்து அனுப்பிப்போட்டு வாறன்."

பிளாஸ்டிக் பெட்டியில் முறுக்கைப் போட்டு வாசலிலேயே நீட்டினேன். அவர் என் தோளுக்கு மேலால் வீட்டுக்குள் ஒருதரம் பார்த்தார். நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

"அம்மா, ஏன் உள்ள கூப்பிடேல்ல? அவையின்ர ஊரில டிவாலிக்கு எந்தச் சமயக்காரரும் ஆர் வீட்டயும் போய் இருந்து சாப்பிடுவினமாம். ஹீ டோல்ட் மீ," என்றாள் மகள்.

"அதை முதலே சொல்ல வாயில்லையோ?" என்று அவள்மேல் பாய்ந்தேன்.

இருட்டியதும் குப்பை போட வெளியே வந்தேன். எங்கள் வாசலில் வெறும் மின்குமிழ்தான். அவர் வீட்டுப் படிகளில் மண்விளக்குகள் வரிசையாய் எரிந்தன. கதவு அகலத் திறந்திருந்தது. சாப்பாட்டு மேசையில் நாலு தட்டுகள். அவர் ஒரு கதிரையில் வாசலைப் பார்த்தபடி இருந்தார். நாங்கள் வீட்டில் மூன்று பேர்.

அவர் கண்ணில் படாமல் உள்ளே வந்து, வாசல் லைட்டை அணைத்தேன்.