மூன்று ரொட்டி தின்ற பேய்

கல்யாணமாகி டயகம தேயிலைத் தோட்டத்துக்கு வந்த புதிதில், என்னைப் போல அடக்கமான மருமகள் அந்த லயத்து வரிசை வீடுகளிலேயே இல்லை என்று பெயர் வாங்கியிருந்தேன். உண்மையில் எனக்கு உடம்பு சரியில்லை. கொழுந்துக் கூடையின் கயிறு தலையை அழுத்தி நாள் முழுக்க மண்டையிடி. கொத்மலையில் அம்மாவை விட்டுவந்த ஏக்கத்தில் சோறு இறங்காது, தூக்கம் வராது, யாராவது உரக்கப் பேசினால் நெஞ்சு படபடக்கும். அரை ரொட்டியோடு எழுந்துவிடுவேன். மாமியாருக்குப் பரம திருப்தி. "வாயும் சின்னது, வயிறும் சின்னது" என்று பக்கத்துக் காம்பரா வீட்டுக்காரிகளிடம் பெருமை பேசினார்.

நாத்தனாருக்கு மட்டும் கவலை. என் வயசுக்காரி, மலையில் என் பக்கத்தில் நின்று கொழுந்து பறிப்பவள். "அண்ணி, இப்படியே போனா நீங்க ஆடி மாசம் தாண்ட மாட்டீங்க" என்று ஆறுதல் சொன்னாள்.

அவளுடைய அப்பா, அதாவது நான் பார்த்திராத என் மாமனார், திருச்சிப் பக்கத்துச் சிலம்பக்காரர். மகளுக்கும் கற்றுக்கொடுத்திருந்தார். அவர் இறந்தபிறகு, கம்பு சுற்றுகிறவளை எவன் கட்டுவான் என்று மாமியார் தடை போட்டுவிட்டார். ஆனால் கொழுந்து பறிக்கிறவளிடமிருந்து கம்பைப் பிடுங்க முடியுமா? செடியின் மேல் வைத்து மட்டம் பார்த்துப் பறிக்கும் மட்டக்கம்பு எங்கள் எல்லோர் கையிலும் இருந்தது. விறகுக்குப் போகிறோம் என்று சொல்லிவிட்டு, சாயந்தரங்களில் காட்டோரத்தில் எங்கள் சிலம்ப வகுப்பு நடந்தது.

ஆரம்பத்தில் என் கம்பு என்னைத் தவிர வேறு யாரையும் அடிக்கவில்லை. "மூச்ச அடக்காதீங்க, தோளத் தூக்காதீங்க" என்று நாத்தனார் திட்டிக்கொண்டே இருந்தாள். காலை ஊன்றி நிற்கப் பழகியதும் முதுகு நிமிர்ந்தது, மண்டையிடி குறைந்தது. பிறகு பசித்தது. அப்படி ஒரு பசி! படுத்தால் விடிந்துதான் கண் திறக்கும். மலையில் வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு ஐயா அதட்டினாலும் நெஞ்சு தன்பாட்டில் இருந்தது. வீட்டில் வாய்விட்டுச் சிரித்தேன். தேங்காய்ச் சம்பலில் உப்பு இல்லை என்று ஒருநாள் மாமியாரிடமே சொல்லிவிட்டேன்.

அன்றைக்கு அவர் ஒரு முடிவுக்கு வந்தார். எனக்குப் பேய் பிடித்துவிட்டது.

"மூணு ரொட்டி திங்கிறா, கொறட்ட விடுறா, எதுத்துப் பேசுறா. வெறகுக்குப் போன எடத்துல என்னமோ அடிச்சிருச்சு."

என் வீட்டுக்காரர் தலையாட்டினார். அவர் எப்போதுமே அம்மாவுக்குத் தலையாட்டுபவர்தான். ஞாயிற்றுக்கிழமை கோடாங்கி வருவார், அதிலும் பேய் போகாவிட்டால் என்னைக் கொத்மலைக்கே அனுப்பிவிடுவது என்று தீர்மானமானது. முன்பென்றால் அன்றே மூட்டை கட்டியிருப்பேன். இப்போது போக எனக்கு மனசே இல்லை. உடம்பு தேறியபிறகுதான் அந்த வீடும் அந்த மலையும் என் கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்திருந்தன. உண்மையைச் சொன்னால் நாத்தனார் மாட்டிக்கொள்வாள். வாயை மூடிக்கொண்டேன்.

கோடாங்கி பட்டப்பகலில் வந்து, உடுக்கை அடித்து, சாம்பிராணிப் புகை போட்டு என்னை இருமவைத்தார். "யாரு நீ? எந்த ஊரு?" என்று பிரம்பை ஓங்கினார். என் கை என்னைக் கேட்கவில்லை. சுவரில் சாய்த்திருந்த மட்டக்கம்பை எடுத்துச் சுற்றித் தடுத்தது. இரண்டாவது அடியில் பிரம்பு எகிறிக் கூரைத் தகரத்தில் மோதி விழுந்தது.

"இது லேசுப்பட்ட பேயில்லம்மா" என்றார் கோடாங்கி, வாசலுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு.

மாமியார் மெல்ல எழுந்து என் எதிரே வந்தார்.

"ஏங்க... நீங்களா?"

நான் சுற்றியது அவர் புருஷனின் சுற்று. "ஒரு வார்த்த சொல்லாமப் போயிட்டீங்களேங்க" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

'ஆமா, நான்தான், மருமகளை அனுப்பாதே' என்று கட்டைக் குரலில் சொல்லியிருந்தால் ஆயுசுக்கும் அந்த வீட்டில் என் ராஜாங்கம்தான். வாய் வரவில்லை. அவர் அழுததைப் பார்த்து எனக்கும் அழுகை வந்துவிட்டது.

"இல்ல மாமி. நான்தான்."

"நான்தாம்மா சொல்லிக் குடுத்தேன்" என்றாள் நாத்தனார் மூலையிலிருந்து.

மாமியார் முந்தானையால் மூக்கைத் துடைத்தார். கோடாங்கியைத் தேத்தண்ணி குடித்துவிட்டுக் கிளம்பச் சொன்னார். பிறகு குனிந்து என் முழங்காலில் ஒரு தட்டுத் தட்டினார்.

"சுத்து அவரோடதுதான். காலுதான் தப்பு. அவரு எடது கால முன்னுக்கு வச்சு நிப்பாரு" என்றவர் மகள் பக்கம் திரும்பினார். "சொல்லிக் குடுக்குறதுதான் குடுக்குற, ஒழுங்காக் குடுக்க மாட்டியா?"