சபாஷ் சொன்ன நாள்

யுத்த காலத்தில் திண்டிவனத்தில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலையை உடைக்கும் ஆலை ஒன்றில் நான் மேஸ்திரி. பருப்புப் பொறுக்கும் பெண்களை நிமிர்ந்து பார்க்கவே எனக்குக் கூச்சம். ஒருநாள் முதலாளி கூப்பிட்டுச் சொன்னார்: "எதிர் ஆலைக்காரன் ஆள் இழுக்கிறான். வாயைத் திறந்து ரெண்டு வார்த்தை பாராட்டுய்யா. இவங்க போயிட்டா நீயும் போக வேண்டியதுதான்."

மறுநாள், இருப்பவர்களில் மூத்தவளின் முறத்தைப் பார்த்தேன். ஒரு கல் இல்லை. தைரியத்தை வரவழைத்துக்கொண்டு, "சபாஷ்!" என்றேன்.

எல்லா முறங்களும் நின்றன. எங்கள் பக்கத்தில் யாராவது பானையைப் போட்டு உடைத்தால்தான் சபாஷ் சொல்வார்கள். அது எனக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

"நான் இன்னாத்தக் கொட்டிட்டேன், மேஸ்திரி?" என்று அவள் எழுந்தாள். "வாங்கடி, எதிர் ஆலைக்கே போலாம். அங்க இந்த நக்கல் கெடையாது."

மற்றவர்களும் சேலையை உதறிக்கொண்டு எழுந்தார்கள். நான் வாசலை மறித்து நின்றேன்.

"நல்லா... நல்லா இருக்குதுன்னுதாம்மா சொன்னேன்."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "நல்லா இருந்தா எப்பவும்போல தலையக் குனிஞ்சிக்கினு போங்களேன். எங்களுக்குப் புரியாதா?"

சிரித்துக்கொண்டே எல்லாரும் உட்கார்ந்தார்கள். அதன் பிறகு நான் தலை குனிந்து போனாலே, "நமக்கு மெடல் குத்திட்டுப் போறாருடி" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வரும்.