நான் பிளேடால் சுரண்டிய பாதை

போன வாரம் கண் டாக்டர் என் கார் சாவிக்கு ஓய்வு கொடுத்துவிட்டார். அதனால் என்ன, ஈப்போவுக்குத்தான் பஸ் இருக்கிறதே! செவ்வாய்க்கிழமை தெம்பாகவே கிளம்பினேன்.

எங்கள் தாமானின், அதாவது வீடமைப்புக் குடியிருப்பின், பின்சுவருக்கு அந்தப் பக்கம்தான் பஸ் ஸ்டாப். அதன் கூரைகூடத் தெரிகிறது. ஆனால் வழி?

"சுத்தித்தான் போகணும் தம்பி. வா, நானும் கிளினிக்குத்தான் போறேன்" என்றார் பக்கத்து வீட்டு பிலோமினா அக்கா. இங்கே ரப்பர் தோட்டம் இருந்தபோது பால் வெட்டியவர். இப்போது முழங்கால் வலிக்காக வாராவாரம் இந்தச் சுற்று.

அரை மணி நேரம் நடந்தோம். இரண்டு தடவை காலைப் பிடித்துக்கொண்டு சாக்கடைத் திட்டில் உட்கார்ந்துவிட்டார். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பஸ்ஸின் முதுகுதான் தெரிந்தது.

"போச்சு லா! இனி ஒரு மணி நேரம். முன்ன தண்டவாளப் பாதை இருந்துச்சு, எங்க லயத்து வீட்டுலேர்ந்து அஞ்சே நிமிஷம். எவன் அடைச்சானோ!"

எவன் என்று எனக்குத் தெரியும். இந்தத் தாமானுக்கு பிளான் வரைந்த டிராஃப்ட்ஸ்மேன் நான்தான்.

அந்தக் காலத்தில் ஊர் அமைப்பதென்றால் முதலில் வண்டிக்குத்தான் வழி. ஈப்போ பழைய டவுனை மாட்டு வண்டிக்கும் ரயிலுக்கும் பார்த்துப் போட்டார்கள். தோட்டத்தில் ரப்பர் ஏற்றிய டிராலிக்குத் தண்டவாளம். நடப்பவர்களுக்கு? ஒன்றுமில்லை. டிராலி நின்றுபோய்த் தண்டவாளத்தைப் பிடுங்கிய பிறகுதான் அந்தத் தடம் எங்களுக்குக் கிடைத்தது. நானும் அதில் நடந்துதான் பள்ளிக்கூடம் போனேன்.

பிளானில் அது ஒரு புள்ளிக்கோடு. அது வேண்டுமா என்று எங்கள் ஆபீஸ் சூப்பர்வைசர் என்னைத்தான் கேட்டார் – தோட்டத்துப் பையன் ஆயிற்றே!

"வேண்டாம் சார். எங்க ஆளுங்க இனிமே கார்லதான் போவாங்க" என்றேன்.

டிரேசிங் தாளில் இருந்த மசியை பிளேடால் நானே சுரண்டி எடுத்தேன். பெருமையாகத்தான் செய்தேன். எங்கள் சனங்கள் நடந்தது போதும் என்று நினைத்தேன். கார் வாங்க முடியாதவர்கள் என்ன செய்வார்கள்? வாங்கியும் ஒரு நாள் ஓட்ட முடியாமல் போகிறவர்கள்? தோன்றவே இல்லை... இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

அக்காவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் முழங்காலைத் தடவிக்கொண்டே இருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்:

"அந்த ஆபீஸ்ல, அந்தப் பாதையில நடந்தவன் நீ ஒருத்தன்தானே தம்பி."

திட்டியிருந்தால் தேவலை.