ஓர் ஆடிக்குக் கட்டிய வரி

ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றவன் நான். கூலிக்குத் தறியில் உட்கார்ந்து ஆரம்பித்தேன். ஆரணியில் சொந்தத் தறிக்கூடம் போட்டேன், அப்புறம் சேத்துப்பட்டு சாலையில் இன்னொன்று. மாடி வைத்து வீடு கட்டினேன், இரண்டு பெண்களைப் படிக்கவைத்துக் கட்டிக்கொடுத்தேன். பட்டு நூல் விலை ஏறி ஊரே தவித்த வருஷத்திலும் என் தறி நின்றதில்லை. ஜாமீன் போட ஓர் ஆள் இல்லாமல் இத்தனையும் செய்தவனுக்கு முடியாமல் போனது ஒன்றுதான். மச்சானுக்கு ஒரு வீடு வாங்கித் தர முடியவில்லை.

மச்சான் என் மனைவியின் தம்பி. சேலைக்கு டிசைன் போடுகிறவன். சும்மா பேசும்போதே விரல் காற்றில் கொடி வரைந்துகொண்டிருக்கும். வாடகை வீட்டிலேயே பிள்ளைகளை வளர்த்தான். எங்கள் குடும்பத்தில் செல்போனில் ஷேர் வாங்கி விற்கத் தெரிந்தவன் அவன் ஒருவன்தான். "ஒரு வருஷம் தாண்டி வித்தா வரி கம்மி மாமா. அவசரப்பட்டா போச்சு" என்பான். அப்படியே பொறுத்திருந்து விற்று லாபமும் பார்த்தான். அந்தப் பணத்தோடு நான் சரிபாதி போட்டு ஒரு மனை வாங்கினோம். ஆடியில் பத்திரம் வேண்டாம் என்று காத்திருந்து, ஆவணி பிறந்ததும் பதிந்தோம். "உன் பேர்லயே இருக்கட்டும் மாமா, உன் ராசிக்கு மண்ணுகூட விலை ஏறும்" என்றான்.

ஏறத்தான் ஏறியது. அடுத்த வருஷம் போய் அதற்கடுத்த ஆனியில் நல்ல விலைக்கு ஆள் வந்தான். அதே சமயம் மச்சான் குடியிருந்த வீட்டை அதன் சொந்தக்காரர் விற்கப்போவதாகச் சொன்னார். மனையை விற்று, என் பாதியையும் சேர்த்து, அந்த வீட்டை அவனுக்கே வாங்கிவிடுவது என்று பேசி முடித்தோம். நான் இன்னும் கொஞ்சம் விலை கேட்கலாமே என்றேன். "நீ யோசிச்சிகினே இரு. ஆடி பொறந்துட்டா எவன் மாமா ரிஜிஸ்டர் ஆபீஸ் பக்கம் வருவான்? ஒரு வருஷம் எப்பவோ தாண்டியாச்சு, ஜல்தி முடி" என்றான். ஆனி கடைசியில் முடித்தோம்.

வீட்டுப் பத்திரம் ஆவணியில் என்று வைத்திருந்தோம். இடையில் ஆடியில், வரிக்கு எவ்வளவு ஒதுக்குவது என்று கேட்க ஆடிட்டரிடம் போனோம். அவர் மனை வாங்கிய பத்திரம், விற்ற பத்திரம் இரண்டையும் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "ஒரு வருஷக் கணக்கு ஷேருக்குங்க. மனைக்கு ரெண்டு வருஷம். தாண்டியிருந்தா லாபத்துல பன்னிரண்டரை சதவீதம். தாண்டலைன்னா அந்த லாபம் உங்க தொழில் வருமானத்தோட சேர்ந்துடும். உங்களுக்கு முப்பது சதவீதத்துல போய் நிக்கும். இந்த ஆடி முடிஞ்சு வித்திருந்தா போதுமேங்க" என்றார். வாங்கும்போது ஓர் ஆடிக்குக் காத்திருந்தோம், விற்கும்போது ஓர் ஆடிக்கு முந்திக்கொண்டோம். அந்த ஒரு மாதம்தான் குறைந்தது. மச்சானின் விரல் மேஜைமேல் அசையாமல் கிடந்ததை நான் பார்த்தேன்.

அவன் பாதியை நான் தொடவில்லை. வரி முழுவதையும் என் பாதியிலிருந்து கட்டினேன். அதில் மிஞ்சியதையும் அவன் பாதியோடு சேர்த்து அவன் கையில் கொடுத்தேன். வீட்டு விலைக்கு அது எட்டவில்லை. தறிக்கூடங்கள் ஏற்கெனவே அடமானத்தில் இருந்ததால் பேங்கில் கையை விரித்தார்கள். ஆவணியில் வீட்டுக்காரர் வேறு ஒருவருக்கு எழுதிக்கொடுத்துவிட்டார். அவன் கையிலிருந்த பணம் அவனுடைய பெரிய பையன் படிப்புக்கும் என் மாமியார் வைத்தியத்துக்கும் கரைந்தது. மச்சான் சென்னைக்குப் போய் அபார்ட்மென்டில் வாட்ச்மேன் ஆனான். சாமான் ஏற்றிய வண்டியில் ஏறும்போது, "நூறு வீட்டுக்குக் காவக்காரன் மாமா. எனக்கு எதுக்கு தனியா ஒண்ணு?" என்று சிரித்தான். அதற்குப் பிறகு அவன் இந்த ஊருக்கு வரவில்லை. வருவான் என்று நானும் நினைக்கவில்லை. நல்லது கெட்டதுக்குப் போனால் சொந்தக்காரர்கள் என் காதில் விழும்படியே, "வரியாம் வரி, மாமன் முழுங்கிட்டான்" என்கிறார்கள்.

சொல்லட்டும். அவன் வீடில்லாமல் போனான் என்று பேசுகிறவர்கள், அவனுக்காக அந்த வரியைக் கட்டியது யார் என்பதையும் சேர்த்துப் பேச வேண்டும். அவன் பங்கில் ஒரு ரூபாய் குறையாமல் கொடுத்தவன் நான். என் முகத்துக்கு நேராக ஒருவராவது அதைச் சொல்லட்டும்.