ஆன்செல்ம் வைத்திருந்த சாவி

எங்கள் துவாரி கிராமத்தில் மேலே மாட்டுக் கொட்டில், கீழே பாதாளத்தில் அணுத்துகள்களை மோதவிடும் வளையம். பிரபஞ்ச ரகசியம் அங்கே இருப்பதாகச் சொல்கிறார்கள், மாடுகள் ஆட்சேபித்ததில்லை. குழாய்க்குள் ஓடும் துகள்கற்றை தடம் விலகுகிறதா என்று கண்காணிக்கும் உணரிகளைப் பொருத்துவது ஆன்செல்மின் வேலை. கதிர்வீச்சில் நைந்த பழையவற்றைக் கழற்றி, வைரத்தில் செய்த புதியவற்றை அந்தக் குளிர்காலம் முழுக்க மாட்டிக்கொண்டிருந்தார்.

"பெண்டாட்டிக்குத் தோடு கிடையாது, குழாய்க்கு வைரமாக்கும்," என்று நோய்ப்படுக்கையிலிருந்து சீண்டுவாள் சோலாஞ்.

சுரங்கத்தில் இறங்கும் ஒவ்வொருவரும் வாசல் பெட்டியிலிருந்து ஒரு சாவியை உருவிக்கொள்ள வேண்டும். எல்லாச் சாவியும் திரும்பினால்தான் வளையம் ஓடும். உள்ளே ஆள் மாட்டிக்கொள்ளக் கூடாதே.

கடைசி உணரியை மாட்டிவிட்டு மேலே வந்ததும் ஆஸ்பத்திரியிலிருந்து அழைப்பு. சாவியைத் திரும்ப மாட்டாமல் அதோடே ஓடினார். போய்ச் சேர்வதற்குள் சோலாஞ் போய்விட்டாள்.

மறுநாள் பேரறிஞர் கூட்டமே ஒரு சாவித்துளையைப் பார்த்துக்கொண்டு நின்றது. யார் போய்க் கேட்பது? அதற்கு மட்டும் சமன்பாடு இல்லை. கூட வேலை பார்க்கும் திபோவைப் பிடித்துத் தள்ளினார்கள். அவன் போனபோது ஆன்செல்ம் சோலாஞ்சைப் பெட்டியில் கிடத்தும்போது உடுத்துவதற்கான நீல உடையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார்.

"சாவிக்குத்தானே வந்தே?"

"ச்சே, துக்கம் கேக்கத்தான்..."

"துக்கத்துக்கு எவன்டா சீஸ் வாங்கிட்டு வருவான்?"

"பூக்கடை மூடிட்டான்டா."

ஆன்செல்ம் உடையைத் திருப்பிப் போட்டார்.

"பால் வண்டி வந்துச்சு. தபால்காரன் வந்தான். எதுவுமே நிக்கல, திபோ. அந்த வளையம் ஒண்ணுதான் அவளுக்காக நின்னிருக்கு. அடக்கம் முடியுற வரைக்கும் நிக்கட்டும்."

திபோ வெறுங்கையோடு திரும்பினான். மேலிடம் ரொம்ப வருத்தப்பட்டது; வருத்தப்பட்டுக்கொண்டே வளையம் முழுக்க ஆள்விட்டுத் தேடி, உள்ளே யாரும் இல்லையென்று உறுதிசெய்து, பூட்டை மாற்றியது. நான் குறை சொல்லவில்லை. பிரபஞ்சம் எத்தனை நேரம்தான் காத்திருக்கும்?

கல்லறைத் தோட்டத்தில் பெட்டியை இறக்கும்போது கூட வேலை பார்க்கும் நண்பர்களின் பைகளில் தொலைபேசிகள் ஒரே நேரத்தில் அதிர்ந்தன. ஒருவரையொருவர் பார்த்தார்கள், சிரிக்கவும் முடியவில்லை. ஆன்செல்ம் கவனித்துவிட்டார்.

"ஓட ஆரம்பிச்சிருச்சா?"

திபோ தலைகுனிந்தான்.

"என் உணரிங்க?"

"சுத்தமா வேலை செய்யுதுடா. ஒரு பிசிறு இல்ல."

"நல்லது," என்றார் ஆன்செல்ம். ஆஸ்பத்திரியில் அழாதவர் அப்போதுதான் அழத் தொடங்கினார்.